விருப்பரின் இரண்டாம் எண்ணிக்கை

பிழையாகக் கணிப்பதில் விருப்பருக்கு நிகரானவர் மொன்றியல் மாநகரில் இருந்ததில்லை. இனி ஒருவர் வரப்போவதுமில்லை. ஏனையோர் தேர்தலுக்கொரு விதமாகப் பிழைவிடுவார்கள். ஒருமுறை இவர் வெல்வார் என்பார்கள், அவர் தோற்பார். மறுமுறை புத்தியாக மாற்றிச் சொல்வார்கள், அதுவும் பொய்க்கும். விருப்பர் அவ்வாறு அலைபாய்கிறவர் அல்லர். நான் அறிய முப்பது ஆண்டுகளில் ஆறு இலங்கைச் சனாதிபதித் தேர்தல்கள் நடந்தன. ஆறுக்கும் ஒரே கணிப்பைச் சொன்னார். ஆறும் பிழை.

யார் வெல்வார் என்பது அவருக்குப் பொருட்டேயன்று. "ஒருத்தரும் ஐம்பது வீதம் எடுக்கமாட்டினம். ரெண்டாம் விருப்பு வாக்கு எண்ணத்தான் வேணும்" என்பார். அவ்வளவுதான் கணிப்பு. இலங்கைச் சட்டப்படி வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என மூவரை வரிசைப்படுத்தலாம். பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் எவருக்கும் கிடைக்காவிடின், முதலிருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிடுவார்கள். விலக்கப்பட்டோருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பு அதன்பிறகு எண்ணப்படும். சட்டத்தில் அப்படி எழுதியிருந்ததே தவிர, நடந்ததில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டி, விருப்பரின் வயிற்றில் அடித்துவிடுவார்.

நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நாங்கள் ஏழு தமிழர்கள் வேலை செய்தோம். அங்கே மதிய உணவறையில் வைக்கப்பட்ட பெயர்தான் விருப்பர். முகத்துக்கு நேரே அவர் அண்ணை. முதுகுக்குப் பின்னால் விருப்பர். இரண்டும் அவருக்குத் தெரியும்.

தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து உணவறை வகுப்பறையாகிவிடும். பொதிசெய்யும் பகுதியில் சிவா என்றொருவன் இருந்தான். பகிடி விடுவதையே முழுநேர வேலையாகவும் பொதிசெய்வதைப் பகுதிநேர வேலையாகவும் கொண்டவன். விருப்பர் பாடம் நடத்துவது பெரும்பாலும் அவனுக்குத்தான்.

"தம்பி, உனக்குப் புட்டு விருப்பம். புட்டு முடிஞ்சுது. அப்ப நீ பட்டினி கிடப்பியோ, இடியப்பத்தைச் சாப்பிடுவியோ?"

"நான் வீட்டை போய்ச் சாப்பிடுவன் அண்ணை."

"அது செல்லாத வாக்கு" என்று சொல்லிவிட்டு விருப்பர் அடுத்தவரிடம் போய்விடுவார்.

எங்கள் மேற்பார்வையாளர் ஹெய்ட்டி நாட்டவர். நல்ல மனிதர், பிரெஞ்சு மட்டுமே பேசுவார். அவரையும் தம் கட்சியில் சேர்க்க விரும்பிய விருப்பர், தம்மிடமிருந்த பிரெஞ்சுச் சொற்களில் 'இரண்டாவது' என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு விரல்களையும் உயர்த்திக் காட்டி, "துசியெம், துசியெம்" என்று ஒரு கிழமை முழுதும் அவருக்கு விளக்கினார். அடுத்த திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் இரண்டாம் 'ஷிப்ட்' வேலைக்கு விருப்பரின் பெயர் ஏறியிருந்தது. இவ்வளவு ஆசையாக ஒருவர் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று மேற்பார்வையாளர் எங்களிடம் சொன்னார். விருப்பர் ஒரு மாதம் மாலை வேலை செய்தார். அந்த ஒரு மாதமும் மாலை ஷிப்டில் இருந்த பஞ்சாபியர் நால்வருக்கு இலங்கைத் தேர்தற் சட்டம் கற்பிக்கப்பட்டது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுத் தேர்தல்தான் அவரைச் சாய்த்தது. வென்றவர் பாதியைத் தாண்டியது மயிரிழையில். மறுநாள் விருப்பர் மழிக்காத முகத்துடன் வேலைக்கு வந்து, எவருடனும் பேசாமல் பிஸ்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் யாரேனும் இறந்துவிட்டார்களா என்று மேற்பார்வையாளர் சிவாவிடம் விசாரித்தார். சிவா தலையைக் குனிந்துகொண்டு, "துசியெம்" என்றான். விருப்பரின் இரண்டாவது சகோதரர் காலமானார் என்று விளங்கிக்கொண்ட அந்த நல்லவர், அவரைக் கட்டியணைத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். விருப்பரும் மறுக்கவில்லை. அவருக்கு அந்த அணைப்பு பொருத்தமாகவே பட்டது.

கனடியக் குடியுரிமை கிடைத்தபின் தாம் முதன்முதலாக வாக்களித்த கதையையும் அவரே சொல்வார். இங்கே ஒருவருக்கு மட்டும் அடையாளமிட வேண்டும். விருப்பரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று மணிமணியாக எழுதி, மடித்துப் போட்டுவிட்டு, ஒரு நாட்டுக்கு முறையாக வாக்களிக்கக் கற்றுக்கொடுத்த பெருமிதத்தோடு வெளியே வந்திருக்கிறார். அந்த வாக்குச் செல்லாது என்று நான் எடுத்துச் சொன்னபோது, "அது அவையின்ரை அறியாமை" என்றார்.

இத்தனைக்கும் காரணம் ஒன்று உண்டு; அதை அவர் என்னிடம் மட்டுமே சொல்லியிருந்தார். எண்பத்திரண்டில், நாட்டின் முதலாவது சனாதிபதித் தேர்தல் நடந்தபோது, அவர் யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகமொன்றில் இளம் எழுதுவினைஞர். வாக்கெண்ணும் பணிக்கு எடுக்கப்பட்டு, இரண்டாம் விருப்பு எண்ணும் மேசைக்கு ஒதுக்கப்பட்டார். அதற்கென்று பயிற்சி கொடுத்தார்கள். எந்த வாக்குச்சீட்டை எந்தத் தட்டில் வைப்பது, ஐயம் வந்தால் யாரிடம் காட்டுவது எல்லாவற்றையும் மனனம் செய்துகொண்டு போய் அமர்ந்தார். மற்ற மேசைகளில் கை ஓயவில்லை. அவருடைய மேசைக்கு ஒரு சீட்டும் வரவில்லை. முடிவு அறிவிக்கப்பட்டதும், "நீர் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கற்றதை ஒருமுறையாவது எவரேனும் செய்யக் காண வேண்டுமென்று அதன்பிறகு காத்திருந்தார். அந்த ஆசையைத்தான் கணிப்பு என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து இருபத்துநான்கில் அவர் ஓய்வு பெற்றார். அவ்வாண்டுச் சனாதிபதித் தேர்தல் வாக்களிப்புக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமையே கடைசி வேலைநாளாக அமைந்தது. உணவறையில் பிரியாவிடை; குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். அதற்கு முந்திய நாள் விருப்பர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவரை நான் அவ்வளவு கலங்கிக் கண்டதில்லை.

"பவளம் வாறா" என்றார். பவளம் அக்கா அவர் மனைவி. "நான் வீட்டிலை என்ன சொல்லி வைச்சிருக்கிறன் தெரியுமோ? எலெக்சன் எண்டால் பக்ரறியிலை எல்லாரும் என்னட்டைத்தான் கேக்கிறவை எண்டு. நாளைக்கும் கேப்பாங்கள். நான் வாய் திறக்கமுந்திச் சிரிப்பாங்கள். அவ பாத்துக்கொண்டெல்லோ இருப்பா."

அவர் வீட்டில் சொன்னது பொய்யன்று. நாங்கள் அவரிடம்தான் கேட்போம். எதற்காகக் கேட்போம் என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். முப்பது ஆண்டுகளாக மனைவியிடம் காத்துவந்த மதிப்பு, ஓர் அரைமணி நேர மதிய உணவில் போய்விடும் என்று அஞ்சினார்.

எனக்குப் பெரிய அறிவாளி என்ற நினைப்பு. "ஒருக்கா மாத்திச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "முதல் எண்ணிக்கையிலை முடியும் எண்டு சொன்னால் ஆர் சிரிக்கப் போறாங்கள்? எப்பிடியும் அதுதானே நடக்கிறது."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நீ படிச்சவன். சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டியாயிற்று. பவளம் அக்கா நல்ல சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். எதிர்பார்த்தபடியே சிவா எழுந்து, அண்ணை கடைசியாக ஒரு கணிப்புச் சொல்லாமல் போகக்கூடாது என்றான். எல்லோரும் சிரிப்பை வாயில் அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். விருப்பர் எழுந்தார்.

"முதல் எண்ணிக்கையிலையே முடிஞ்சிடும்" என்றார்.

எவரும் சிரிக்கவில்லை. சிவா கூட என்ன செய்வதென்று தெரியாமல் கைதட்டினான். பவளம் அக்கா மட்டும் கைதட்டாமல் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமிதத்தில் உறைந்துபோனார் என்று எண்ணி, என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை கண்விழித்துத் தொலைபேசியைப் பார்த்தேன். பாதியை எவரும் எட்டவில்லை. இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன.

பல் துலக்கினேனா என்பது இன்றுவரை நினைவில்லை. பார்க் மெத்ரோ நிலையத்தில் இறங்கி, பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறினேன். கதவு திறந்தேயிருந்தது. விருப்பர் அயன் செய்த வெள்ளைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக, பணிக்கு அழைக்கப்பட்டவர் போலத் தொலைக்காட்சிக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார். தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. உணவறை நண்பர்கள் ஒவ்வொருவராக அழைத்து, நீங்கள் சொன்னதுதான் நடந்தது என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமைப் பேச்சு ஒருவர் நினைவிலும் இல்லை. விருப்பரோ ஒவ்வொருவருக்கும் அதை நினைவூட்டினார்.

"இல்லைத் தம்பி. நான் முதல் எண்ணிக்கை எண்டெல்லோ சொன்னனான். இந்தமுறையும் பிழை."

பவளம் அக்கா என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினார். "இந்த மனுசனைப் பாருங்கோ தம்பி. அவையள் சிரிக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சவராம். சிவான்ரை மனுசியும் நானும் ஒரே கடையிலைதானே மரக்கறி வாங்கிறனாங்கள். சிரிச்சாலும் மாத்தாத மனுசன் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். அண்டைக்கு மட்டும் ஏன் மாத்தினவர்? ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு கேட்டால் வாயைத் திறக்கிறாரில்லை."

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான்" என்றார் விருப்பர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொலைபேசி மீண்டும் அடித்தது. சிவா. இம்முறை நான் எடுத்தேன்.

"சிவா, அண்ணை ரெண்டாம் எண்ணிக்கை எண்டுதான் கடைசிவரைக்கும் நம்பினவர். வெள்ளிக்கிழமை சொன்னது என்ரை கதை. நான்தான் சொல்லச் சொன்னனான்."

மறுமுனையில் சிவா, தான் ஒரு பகிடியும் விடப்போவதில்லை என்றும், அண்ணையிடம் அதைச் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டான். அதைச் சொல்ல நான் திரும்பினேன். விருப்பர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தமுறைப் பிழை உன்ரையோ?"

"ஓம் அண்ணை. என்ரைதான்."

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் ஆறு தேர்தல்களின் களைப்பு இறங்கியது. பவளம் அக்கா ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார்.

"இப்ப என்ன எண்ணுகினம்? வடிவாய்ச் சொல்லுங்கோ, கேப்பம்."

விருப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு அதெல்லாம் மனப்பாடம். ஆயினும் ஒரு சொல்லையும் தவறவிட மனம் வராமல், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானும் போய் இருந்துகொண்டேன்.