காம்பு நீக்கிய மாமா

சொந்தமாக ஒரு காரியத்தைச் செய்து முடித்தவர்கள் அதை முதலில் முன்பின் தெரியாதவர்களிடம்தான் காட்ட வேண்டும். நான் என் வீட்டுக்காரரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காட்டினேன். (கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அனுபவம் போதாது.)

நான் கோவில்பட்டிக்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். வாக்கப்பட்டது விளாத்திகுளம் பக்கம், மிளகாய் போடும் வீட்டில். வருஷா வருஷம் மண்டிக்குப் போகும் மிளகாய் வத்தலை நாமே இணையத்தில் விற்கலாமே என்று ஒரு கடை ஆரம்பித்தேன். மாமனார் அதிகம் பேச மாட்டார். தேய்த்த சட்டை இல்லாமல் வாசலுக்குக்கூட வர மாட்டார். "இந்த வெள்ளாமைய உன் கையில தாரேன். மண்டிக்காரன் சிரிக்கும்படி ஆயிரக் கூடாது" என்றார்.

கடை திறந்தது, ஆள்தான் வரவில்லை. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பகிர் பொத்தான் வைத்தேன். அமுக்கினால் வத்தல் படம், இரண்டு வரி விவரம், கடையின் இணைப்பு எல்லாம் வாட்ஸ்அப்புக்கோ ஃபேஸ்புக்கிற்கோ போய்விடும். யார் உதவியும் இல்லாமல் நானே எழுதிய நிரல். அன்றைக்கு நான் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்திருந்தால் கலெக்டரே எழுந்து வழிவிட்டிருப்பார்.

எல்லாரும் பகிருங்கள் என்று குழுவில் போட்டேன். சொந்தக்காரர்களுக்கு என் மேல் இருந்த பாசம் அன்றுதான் தெரிந்தது. குளத்தூர் சித்தி மகளிர் குழுவுக்கு அனுப்பினார். சென்னையில் இருக்கும் கொழுந்தன் அலுவலகம் முழுவதற்கும் அனுப்பினான். பிறகு நாத்தனார் போனில் கூப்பிட்டாள்.

"மைனி, அப்பாவ எதுக்கு விக்குதீய?"

திறந்து பார்த்தேன். வத்தல் இருக்க வேண்டிய இடத்தில் மாமா இருந்தார். களத்தில் காயும் வத்தலுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், கட்டிலில் பனியனோடு, வாயைத் திறந்தபடி மத்தியானத் தூக்கம். நிரலைச் சோதித்துப் பார்க்க போனில் கிடைத்த படத்தைப் போட்டவள், மாற்ற மறந்துவிட்டேன். கடைக்குள் போனால் வத்தல், பகிர்ந்தால் மாமா. கீழே நானே ரசித்து எழுதிய விவரம்: "வெயிலில் நன்கு காய்ந்தது. காம்பு நீக்கியது. காரத்துக்கு உத்தரவாதம்."

படத்தை உடனே மாற்றினேன். ஆனால் போனது போனதுதான். (தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று கேட்டதும், அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள்.)

விளாத்திகுளம் போயிருந்த மாமா சாயங்காலம் திரும்பினார். மண்டிக்காரரே படத்தைக் காட்டினாராம். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"வத்தல் கலரு நல்லா விழுந்திருக்கு" என்றார். "ஆர்டர் வந்துச்சா?"

வந்திருந்தது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கேட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிற மனுஷன் கலப்படம் செய்ய மாட்டார் என்று எழுதியிருந்தார். அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் மாமா.

மறுநாள் சலவைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, வத்தல் குவியலுக்கு முன்னால் நின்று புதுப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துப் போட்டேன். ஒருவரும் பகிரவில்லை. ஒரு வாரம் பொறுத்தவர், சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பழசயே போட்டுரும்மா."

அந்த வருஷத்து வத்தல் ஒரு மூட்டைகூட மண்டிக்குப் போகவில்லை. இப்போது பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் எங்கள் கடையில்தான் விற்கிறார்கள். நிரல் நான் எழுதியது, முகம் மாமாவுடையது. இரண்டிலும் எனக்குப் பெருமைதான்.

மத்தியானத்தில் யார் வந்து மாமாவைத் தேடினாலும் அத்தை உள்ளே விடுவதில்லை.

"சத்தம் போடாதீய" என்பார். "அவிய வேலையில இருக்காவ."