சுகமில்லை என்றொரு புகார்

திருவனந்தபுரத்துச் சிறுகுடும்பப் பிரசார ஆபீசில் எந்தப் புகாருக்கும் ஒரு பதில் தயாராக உண்டு. அந்தப் பதிலுக்குத் தக்கபடி புகாரைத் திருத்திக் கொடுப்பதுதான் உதவி அதிகாரி ஸ்ரீனிவாசனின் உத்தியோகம். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். காது மட்டும் சர்க்கார் காது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை செல்வமணி வந்தாள். புருஷன் இசக்கிப்பாண்டியோடு தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவள்.

"சார், நீங்க தந்த கருத்தடை மாத்திரையத் தின்ன நாள்லேருந்து சுகமில்ல."

"காய்ச்சலா?"

"இல்ல சார்."

"வயத்துவலியா?"

"அய்ய, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சுகந்தான் இல்ல." முந்தானையைக் கடித்துக்கொண்டாள். "அவிய மேல பிரியம் அப்படியே கெடக்கு. ஆனா பக்கத்துல வந்தா ஆசையே எழும்ப மாட்டேங்கு. நான் வெறுத்துட்டேன்னு நெனச்சு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியுதாவ. குடும்பமே போயிரும் சார். வேற வழி ஏதாச்சும் மாத்திக் குடுங்க."

ஸ்ரீனிவாசன் காது சிவக்க மேலதிகாரி குறுப்பிடம் ஓடினார்.

"பிள்ளை உண்டாச்சா?" என்றார் குறுப்பு.

"இல்லை சார்."

"ஆசையும் இல்லா?"

"இல்லை சார்."

"அப்போ மாத்திரை ரெண்டு வழிக்கும் வேலை செய்யுதே! நல்ல ரிசல்ட் அல்லே!"

ஆயினும் நீதி தவறலாகாது. குறுப்பு, ஸ்ரீனிவாசன், கணக்கர் தாணுமாலையன் ஆகிய மூன்று ஆண்கள் அடங்கிய மகளிர் கமிட்டி கூடியது. டீயோடு வந்த பழம்பொரி தீரும்வரை தீர ஆலோசித்தது. பெண்களுக்கு ஆசை என்று ஒன்று உண்டென எந்தச் சர்க்குலரும் சொல்லவில்லை. இல்லாத பொருள் தொலைந்துபோக விதியில்லை. ஆகவே மனுதாரர் சுகமாயிருக்கிறார் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"நீ சுகமாத்தான் இருக்கேம்மா. கமிட்டியே சொல்லிடுத்து" என்றார் ஸ்ரீனிவாசன்.

"எங்க வீட்டுல வந்து குடும்பம் நடத்துறது கமிட்டியா சார்?" என்றாள் செல்வமணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் வீட்டில் மனைவி வாலாம்பாள் காபியை வைத்ததும், ஸ்ரீனிவாசன் ஆசையாக அவள் கையைப் பிடித்தார். "ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேருமா பொன்முடி மலைக்குப் போலாமா?"

"ஏன்னா, எனக்கு சுகமில்லை."

பல வருஷமாக இதே பதில்தான். வழக்கம்போல் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுக்க அலமாரியைத் திறந்தார். பக்கத்திலேயே ஆபீஸ் கருத்தடை மாத்திரை இருந்தது. நாட்டுக்கு முன்மாதிரியாக அவரே கொண்டுவந்து கொடுத்தது. மனுஷன் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"வாலா... என்ன சுகமில்லை?"

"அப்பாடா! இன்னிக்காவது கேக்கத் தோணித்தே!" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாகச் செல்வமணிக்கு ஆள் போயிற்று. அவளை லேடி டாக்டரிடம் அனுப்பி, ஹார்மோன் இல்லாத வேறு வழிக்கு உடனே ஏற்பாடு செய்ய ஸ்ரீனிவாசனின் உத்தரவு. காரணம், பொதுநலன்.

"எந்தாடோ இத்தனை அவசரம்?" என்றார் குறுப்பு. "வீட்டில் எல்லார்க்கும் சுகமல்லே?"

தினமும் காலையில் கேட்கிற குசலக் கேள்விதான். தினமும் "சுகம் சார்" என்கிற ஸ்ரீனிவாசன் இன்று வாயைத் திறக்கவில்லை.

குறுப்பு அந்த முகத்தைப் பார்த்தார். தம் வீட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தார். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெளியே வந்தார். அங்கே, கதவோரம் நின்று ஒட்டுக்கேட்ட தாணுமாலையன் அவருக்கும் முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்.