நூற்றுக்கு நூறு விஷமுறிவு

மனித குலம் கண்ட விஷமுறிவுகளில் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றது ஒன்றே ஒன்றுதான். அது எழுபத்து நாலாம் வருஷம், கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இயங்கிய மருந்துக் கம்பெனியில் பிறந்தது.

அதை வடிவமைத்தவர் திருவள்ளூர் எம்பார். ஆமணக்கு விதையின் விஷத்துக்குள் ஓர் இடுக்கு உண்டு, சின்னஞ்சிறு மூலக்கூறு ஒன்றைச் செய்து அதில் உட்காரவைத்தால் விஷம் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்று அவர் நம்பினார். கம்பியும் மணியுமாக அதன் மாதிரியைக் கோத்துப் பார்த்து, ஒருவழியாக மருந்தையும் செய்துவிட்டார். எலிக்கு விஷம் கொடுத்து, பிறகு மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

டைரக்டர் ராமபத்ரன் காதைப் பொத்திக்கொண்டார்.

"நாராயணா! பரம்பரையா பெருமாளுக்குத் தளிகை பண்ற குடும்பம் ஓய். வாயில்லா ஜீவனுக்கு விஷம் கொடுக்கறதா? மருந்தை மட்டும் கொடும்."

"விஷமே இல்லேன்னா மருந்து எதை முறிக்கும் ஸ்வாமி?"

"அதையெல்லாம் மருந்து பாத்துக்கும்."

எலிகள் மருந்தைக் குடித்தன. ஒன்றுகூடச் சாகவில்லை, சில குட்டியும் போட்டன. அவசரக் கூட்டம் 'முழு வெற்றி' என்று தீர்மானம் போட்டு, அக்காரவடிசல் சாப்பிட்டுக் கலைந்தது. எம்பார் மட்டும் தம் பங்கை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

விஷம் எடுக்க வாங்கிய ஆமணக்குப் புண்ணாக்கு இனி எதற்கு? 'அகிம்சை முறைப்படி' அதை வேலிக்கு வெளியே கொட்டினார்கள். மறுநாள் காலை பக்கத்துக் குடிசைக் கெங்கம்மாள் ஓடிவந்தாள். அவள் பசு அதைத் தின்றுவிட்டு வேலியோரம் கிடந்தது. அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, மாடு கழிஞ்சிக்கினே கீது, எழுந்துக்கவே மாட்டேங்குது. நீங்க இன்னாவோ மருந்து கண்டுபுட்ச்சிக்கீறீங்களாமே, கொஞ்சம் குடு சாமி!"

எம்பார் புட்டியை எடுத்தே விட்டார். ராமபத்ரன் வாசலை மறித்தார்.

"பிழைக்கலேன்னா?"

"பிழைச்சாலும் பிழைக்கலாமே ஸ்வாமி!"

"கையில நூத்துக்கு நூறு இருக்கு. ஒரு மாட்டை நம்பி அதைக் கெடுத்துக்கச் சொல்றீரா? உள்ளே வையும் ஓய்."

எம்பாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளே வைத்தார். பொன்னேரியிலிருந்து மாட்டு டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ராமபத்ரன் இளகிய மனசுக்காரர். தாமே வேலியோரம் வந்து ஆறுதல் சொன்னார்: "இந்த மருந்து குடிச்ச ஜீவன் ஒண்ணுகூட இதுவரைக்கும் செத்ததில்லேம்மா."

கெங்கம்மாள் அவரைப் பார்க்கவில்லை, எம்பாரைப் பார்த்தாள்.

"சர்தான் சாமி. உங்க மருந்து பொழச்சிக்கிச்சு. என் மாடுதான் பூட்ச்சி."