தராசுக்காரரும் செமிபைனலும்

சூரியன் கிழக்கேதான் உதிக்கிறது என்பதை அரியலூரில் எல்லோரும் நம்பினோம், ஒருவரைத் தவிர. அவர் கடலை மண்டியில் தராசு பிடித்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. தராசுக்காரர் என்று எழுதிப் போட்டால் தபால்கூட வந்து சேர்ந்தது. வந்த தபாலை யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

சந்தேகம் அவருக்குத் தொழில். மூட்டை வந்து இறங்கியதும் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பார், புளி ஒட்டியிருக்கிறதா என்று. பிறகு சங்கிலியை இழுத்துப் பார்ப்பார். பிறகு படிக்கல்லைத் தட்டிப் பார்ப்பார். கடைசியாக, மூட்டை கொண்டுவந்தவரின் கால் விரலைப் பார்ப்பார், அது தட்டை மிதிக்கிறதா என்று. இந்தப் பழக்கம் மண்டியோடு நிற்கவில்லை. ஓட்டலில் இட்லியைப் புரட்டி அடியில் பார்த்துவிட்டுத்தான் சட்னியைத் தொடுவார். ஒருமுறை செட்டிகுளம் மலைக்குப் போனபோது அபிஷேகத்தை உற்றுப் பார்த்து, பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்றார். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. குருக்கள் நிறையச் சொன்னார்.

நான் அப்போது அதே மண்டியில் மூட்டைகளுக்கு மையால் நம்பர் போடுகிற வேலையில் இருந்தேன். எனக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. அதனாலேயே அவருக்கு என்னைப் பிடித்தது. பேசாத ஆள் ரகசியத்தை வெளியே விடமாட்டான் என்று எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வழியில் பாதி தூரத்தில் நின்று, "ஆமா, நீ ஏன் பேசவே மாட்டேங்கறே?" என்று என்னையும் ஒரு பார்வை பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் நம்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஊர்ப் பூப்பந்து செட்.

யுத்த காலம் அது. வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், கையில் மட்டை, நடுவில் மஞ்சள் கம்பளிப் பந்து. மாசி மாதம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கோப்பைப் போட்டி நடக்கும். எங்கள் செட் முதலில் செந்துறையை அடிக்கும், அடுத்து விக்கிரமங்கலத்தை விரட்டும். ஊரே தலைகீழாக நிற்கும். அதன்பின் செமிபைனல் வரும். அங்கே பெரம்பலூர் செட் நின்றுகொண்டிருக்கும். நாங்கள் தோற்போம். எப்படிச் சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் செமிபைனலில் அவர்கள்தான். சீட்டுக் குலுக்கிய சொம்பையும் தராசுக்காரர் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

"ரயிலே இல்லாத ஊரு," என்பார் என்னிடம். "கரியில ஓடுற பஸ்ஸுல புகையைக் குடிச்சுக்கிட்டு வந்து எறங்குறானுங்க. எறங்குன சூட்டோட ஜெயிச்சுட்டுப் போறானுங்க. இது எப்படி?"

எப்படி என்று கண்டுபிடிப்பதில்தான் அவருடைய வருஷம் கழியும். முதல் வருஷம் குற்றவாளி நடுவர். அவர் எடுத்த நான்கு முடிவுகளைத் தராசுக்காரர் இரண்டு மாதம் விசாரித்து, நடுவரின் மனைவி பிறந்தது பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் என்று கண்டுபிடித்தார். அந்த அம்மாளுக்குப் பூப்பந்து என்றால் பூத்தொடுப்பதா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் மறு வருஷம் எலாக்குறிச்சியிலிருந்து ஒரு கத்தோலிக்க வாத்தியாரை நடுவராக வரவழைத்தார்கள். பொய் சொன்னால் அன்று இரவே பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற மனிதர். நாங்கள் தோற்றோம். அந்த வருஷம் குற்றவாளி சோடா. இடைவேளையில் நம் பையன்கள் குடித்த சோடாவில் ஏதோ கலந்திருக்கிறது என்றார். அடுத்த முறை ஐந்து பேர் குடிக்க வேண்டிய சோடாவையும் முன்னதாக அவரே குடித்துப் பார்த்துவிட்டு, ஆட்டம் முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் தோற்றோம். அந்த ஏப்பத்தில்தான் கவனம் சிதறியது என்று எங்கள் கேப்டன் சொன்னதை அவர் காதில் யாரும் போடவில்லை.

அடுத்ததாகப் பந்தின் மேல் சந்தேகம் விழுந்தது.

யுத்தத்தில் கம்பளி நூல் கிடைக்கவில்லை. கடைப் பந்து கண்ணில் படவில்லை. அதனால் போட்டிக்குப் பந்து சுற்றித் தருவது உள்ளூர் செட்டின் பொறுப்பு என்று வைத்திருந்தார்கள். பந்தை ஆட்கள் மாற்றிவிடுகிறார்கள் என்று சொல்லி, தராசுக்காரர் அந்தப் பொறுப்பைத் தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். லீவில் வந்த சிப்பாய் ஒருவரின் பழைய ஸ்வெட்டரை வாங்கிப் பிரித்தார். அவருடைய மகள் கமலம் அதை மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து, உலர்த்தி, பந்தாகச் சுற்றினாள். யாரும் கை வைக்காமல் இருக்கப் பந்துகளை அரிசிப் பானைக்குள் புதைத்து, பானை மேல் அம்மிக் குழவியை வைத்து, பக்கத்தில் தானே படுத்துக்கொண்டார். அவர் மனைவி ஒரு வாரம் பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்று வாங்கிச் சமைத்தார்.

பந்து அருமையாக வந்திருந்தது. அதுதான் வினை. நம் பையன்கள் ஈரமேறிக் கனத்த பழைய பந்தில் பழகியவர்கள். அரிசிக்குள் காய்ந்த புதுப் பந்து தொட்டால் பறந்தது. அவர்கள் அடித்த அடியெல்லாம் கோட்டுக்கு வெளியே ஸ்டேஷனைப் பார்த்துப் போனது. பெரம்பலூர் செட்டில் ராமலிங்கம் என்று ஒரு இடதுகை ஆட்டக்காரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அவன் மட்டும் அந்தப் பந்தை இரண்டு அடியில் பழகிக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பி வெட்டி வெட்டிப் போட்டான். ஆட்டம் முடிந்தபோது தோற்ற எங்கள் செட்டின் சட்டையெல்லாம் மஞ்சள். கல்யாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தார்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் அந்த இடதுகைக்காரன் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்து, இவ்வளவு சீராகச் சுற்றியது யார் என்று நடுவரான எலாக்குறிச்சி வாத்தியாரிடம் கேட்டிருக்கிறான். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு வழக்கம் கிடையாது.

ஐப்பசியில் தராசுக்காரர் வீட்டுக்குப் பெரம்பலூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ராமலிங்கம். தராசுக்காரர் மனைவிக்குச் சின்னம்மா வழியில் உறவும் இருந்தது. பையன் நல்லவன், வேலை இருக்கிறது, வெற்றிலைகூடப் போடுவதில்லை. அந்த அம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தராசுக்காரர் என்னை மண்டிக்குப் பின்னால் சாக்கு அடுக்குக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போனார்.

"பெரம்பலூர்ல பொண்ணே இல்லையா? நம்ம பந்துக்காரியைத் தூக்கிட்டுப் போவப் பாக்கறானுங்கப்பா," என்றார்.

வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். வருகிற மாசியில் அரியலூர் செட் ஜெயித்தால் பெண் கொடுப்பார். பெரம்பலூரே ஜெயித்தால் அது ஏமாற்று. ஏமாற்றுகிற வீட்டில் தன் பெண் வாழமாட்டாள்.

"உங்க செட்டு ஜெயிக்கிற வரைக்கும் காத்திருந்தா என் பொண்ணுக்குத் தலை நரைச்சுருங்க," என்றார் மனைவி.  அந்த வருஷப் பந்தைக் கமலம் பிரித்துப் பிரித்து எத்தனை முறை சுற்றினாள் என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி அங்கலாய்த்தார்.

மாசி வந்தது. செந்துறை, விக்கிரமங்கலம் எல்லாம் வழக்கம்போல் முடிந்தது. செமிபைனலுக்கு மைதானம் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் ஆட்டம் பார்க்க, பாதிப் பேர் கல்யாணம் நிச்சயமாகிறதா என்று பார்க்க. முதல் ஆட்டம் பெரம்பலூருக்கு. இரண்டாவதில் ராமலிங்கம் கொஞ்சம் தடுமாறினான், அது எங்களுக்கு. மூன்றாவதில் அவன் கை சுத்தமாகப் படுத்துவிட்டது. தொட்ட பந்தெல்லாம் வலைக்குள் விழுந்தது. அவர்கள் எட்ட முடியாத உயரத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கூட்டம் துண்டைச் சுழற்றியது. அவன் பந்தை விடும்போதெல்லாம், பொண்ணு கிடைச்சாச்சு என்று யாரோ கத்த, சிரிப்பு.

இத்தனை வருஷமாக இந்த நாளுக்காக உயிரை வைத்திருந்த தராசுக்காரர் மட்டும் கை தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்ப்பா, ஜெயிக்கறோமா?"

"ஜெயிக்கறோங்க."

"ஏன்?"

 அவர் ராமலிங்கத்தின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியில் கால் விரலைப் பார்க்கிற அதே பார்வை. அடுத்த பந்தும் வலையில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மைதானத்துக்குள் நடந்தார். எலாக்குறிச்சி வாத்தியார் விசில் ஊதினார். இவர் நிற்கவில்லை.

"தம்பி, பந்தை ஏன் விடறே?"

"விடலீங்க. கைக்கு வரலீங்க," என்றான் ராமலிங்கம்.

"எத்தனை பேரு காலைப் பாத்திருக்கேன் நான். நீ தட்டை மிதிக்கறே."

மைதானம் அடங்கிவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "ஜெயிச்சாப் பொண்ணு இல்லைன்னீங்க. தோத்தா ஏமாத்துங்கறீங்க. நான் என்னதாங்க செய்யட்டும்?"

ஊரே சிரித்தது. வாத்தியார்கூட விசிலால் வாயை மறைத்துக்கொண்டார். தராசுக்காரர் சிரிக்கவில்லை.

"சரியா நிறு," என்றார். "முள்ளு எங்க நிக்குதோ அங்க நிக்கட்டும்."

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ராமலிங்கம் மஞ்சள் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மட்டையைப் பிடித்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே மனம் வரவில்லை. அவ்வளவு முன்னால் நின்ற செட் எப்படித் தோற்கும் என்று கேட்கக் கூடாது. எங்கள் செட்டுக்கு அது கைவந்த கலை.

கூட்டம் கலைந்தபின் அவர் வலையை அவிழ்த்துப் பார்த்தார். கோடுகளைக் கயிறு வைத்து அளந்தார். பந்தை மூக்கில் வைத்தார். காலி சோடா பாட்டில்களைக் கவிழ்த்தார். நானும் பின்னாலேயே போனேன். எல்லாம் முடித்து நெட் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றார். "நம்ம பசங்களுக்கு அந்த எடதுகை வெட்டை எடுக்கத் தெரியல. அவ்வளவுதான்."

இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆனது. சொன்ன பிறகு முகம் வற்றிப்போயிருந்தது.

இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் வாசலில் நின்றேன். தராசுக்காரர் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு மைதானத்துச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"அவரு தோத்திருந்தாத்தான் நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ப்பா," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஊரு முன்னால ஒரு பேச்சு பேசிட்டேனே," என்றார் இவர்.

"ஊரு என்னிக்கு உங்க பேச்சை நம்புச்சு?" என்றார் மனைவி.

அவர் யோசித்துப் பார்த்தார். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கரி பஸ்ஸில் பெரம்பலூர் போய்ச் சம்மதம் சொன்னார். வைகாசியில் கல்யாணம். தாலிப் பொன்னைத் தட்டானிடம் இரண்டு முறை உரைத்துப் பார்க்கச் சொன்னதும், ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டார் என்று நடுவில் நிறுத்தியதும் தவிர வேறு தகராறு இல்லை.

அடுத்த மாசியில் கமலம் பிரசவத்துக்கு அரியலூர் வந்திருந்தாள். செமிபைனல் அன்றைக்கு வலி கண்டுவிட்டது. தராசுக்காரர் மைதானத்துக்கு வரவில்லை. பெரம்பலூர் செட்டோடு வந்து இறங்கிய ராமலிங்கமும் சேதி தெரிந்ததும் மட்டையை அப்படியே போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்கு ஓடினான். அவனுக்குப் பதில் வேறொருவன் ஆடினான். அன்றைக்கு அரியலூர் ஜெயித்தது.

நான் தெருவெல்லாம் ஓடினேன். வாசலில் மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஜெயிச்சுட்டோங்க," என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேங்க."

"மாப்பிள்ளை இங்க நிக்கறாரு," என்றார். "அவரு இல்லாத செட்டை அடிச்சா அது ஒரு ஜெயிப்பா? அதெல்லாம் கணக்குல சேராது."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே உள்ளே குழந்தை வீறிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மருத்துவச்சி பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பெண் குழந்தை. கமலம் சுகமாக இருந்தாள். ராமலிங்கம் குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவியைப் பார்க்க உள்ளே போனான். தராசுக்காரர் பேத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள், வந்தவர்களுக்குக் கொடுக்கக் கற்கண்டு வேண்டும் என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் வாங்கி வருகிறேன் என்றேன்.

"நீ போனா கடைக்காரன் படிகாரத்தைக் கலந்து குடுத்துருவான். நான் பாத்துத்தான் வாங்கணும்," என்று சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார். நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.