இல்லாத மணி

"யாரோ சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு பாட்டா?" என்றார் காதுக்காரர்.

காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே நாற்காலி. அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பதினாறு வயது மகள் சோபாவில் குப்புறப் படுத்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அந்தப் பாட்டும் வீட்டில் ஓர் ஆளாகவே இருந்து வந்தது.

"ஆணி இல்லப்பா. அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன மணி வருது பாருங்க, அதான் பாட்டே. அந்த மணிக்காகத்தான் எல்லாரும் உயிரை விடறாங்க."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டார். டம் டம். மறுபடியும் டம் டம். மணியும் இல்லை, கிணியும் இல்லை.

வேறு அப்பாவாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பார். இவரால் அப்படிப் போக முடியவில்லை. காதுக்குள் இல்லாத மணி அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வாரத்துக்கு நாலு பேராவது அவரிடம் வருவார்கள். காது கெட்டுப்போவதற்கு அது ஓர் அறிகுறி. ஆனால் அவர்களெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். இவள் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கவில்லை.

அன்றே ஹெட்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. மேல்வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பாட்டின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மகள் குறைத்துவிட்டு, ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் என்று சட்டம் போட்டார். அவள் பாட்டை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மிச்ச நேரமெல்லாம் அம்மா முணுமுணுத்தாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனைவி பாடியதைக் கேட்டால் அது ஏதோ நல்ல மெட்டாகவே இருந்தது. அந்த ஆணி அடிக்கும் சத்தத்தில் இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவள் ஏதோ பதில் சொன்னாள், புரியவில்லை. கொஞ்ச நாளாகவே எதையும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறாள். பாட்டு இவளையும் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

பிரச்சினை முற்றியது சனிக்கிழமைக் கச்சேரி விஷயத்தில்தான். அந்தப் பாட்டைப் பாடுகிற கோஷ்டி ஊருக்கு வருகிறதாம். மகள் தோழிகளோடு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். மூன்று மணி நேரம் ஆளுயர ஸ்பீக்கர் முன்னால் நின்றால் இருக்கிற காதும் போய்விடும், போகக்கூடாது என்றார் இவர். அவள் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பாட்டையும் நிறுத்திவிட்டாள். சத்தம் சத்தம் என்று ஒரு மாதம் புலம்பியவருக்கு இரண்டு நாள் அமைதியைத் தாங்க முடியவில்லை.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சனிக்கிழமை காலைல டெஸ்ட் எடுத்துடுவோம். காது நல்லா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா பாட்டை மறந்துடணும்."

"சரி" என்றாள் மகள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே உட்காருபவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். வெளியே காதுக்காரர் மேஜையில் விளக்கு எரியும்.

அந்த மெஷினிலும் ஒரு கோளாறு. தினமும் காலையில் ஹெட்போனைத் தானே மாட்டி அதைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். ஆறு மாதமாக மேல் ஸ்தாயிச் சத்தங்கள் மட்டும் வருவதில்லை. இரண்டு முறை புகார் எழுதி, மெக்கானிக் வந்து துடைத்து வைத்துவிட்டுப் போயும் பழைய குருடி கதவைத் திறடிதான். வருகிற நோயாளிகளோ அந்த வராத சத்தத்துக்கும் பட்டனை அழுத்தினார்கள். பயத்தில் ஜனங்கள் கேட்காததையும் கேட்டதாகச் சொல்வார்கள் என்பது அவருடைய அனுபவம். மூன்றாவது புகாருக்காக மெக்கானிக் அன்று காலைதான் வருவதாக இருந்தது.

மகளுக்குக் கீழ்ச் சத்தங்களை அனுப்பினார். விளக்கு எரிந்தது. நடுச் சத்தங்கள், எரிந்தது. அவருக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, அந்த வராத மேல் சத்தத்தை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது.

இன்னும் மெதுவாக வைத்து அழுத்தினார். எரிந்தது. மேலே போனார். எரிந்தது. வராத சத்தம் ஒவ்வொன்றும் இவளுக்குக் கேட்கிறது. குழந்தையாக இருந்தபோது இந்தக் காதில்தானே முதன்முதலாகப் பெயரைச் சொன்னோம் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய், "நம்ம பொண்ணுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குது" என்று தழுதழுத்தார். அவள் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் பையோடு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டான். மகளை வெளியே வரச்சொல்லிவிட்டுத் தானே உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அழுத்துங்கள் என்று சைகை காட்டினான். காதுக்காரர் அழுத்தினார். விளக்கு எரிந்தது. மறுபடியும் எரிந்தது. கடைசிச் சத்தம் வரைக்கும் ஒன்றுகூட விடாமல் எரிந்தது.

அவன் எழுந்து வரும்போது மகளின் செல்போன் அடித்தது. அதே பாட்டு. டம் டம். மெக்கானிக் நின்று தலையை ஆட்டினான். "அந்த மணி அருமையா இருக்கும்மா" என்றான்.

காதுக்காரர் மனைவியின் பக்கம் சாய்ந்தார். "பாவம், இந்தத் தம்பிக்கும் வந்துடுச்சு."

மெக்கானிக் ஹெட்போனைத் துடைத்து, இரண்டு கைகளாலும் மரியாதையாக அவரிடம் நீட்டினான்.

"மெஷின் ஆறு மாசமா நல்லாத்தான் சார் இருக்கு. இந்தத் தடவை நீங்க உள்ள உக்காருங்க, பாப்பா வெளிய இருந்து அழுத்தட்டும்."