மாஸ்டர் வாசித்த இங்கிலீஷ் பாட்டு

ஏ, பி, சி, டி கூடத் தெரியாமல் ஓர் இங்கிலீஷ் ராக் பாட்டைக் கள்ளக்குறிச்சி முழுக்கப் பரப்பிய ஒரே மனிதர் எங்கள் பேண்டு மாஸ்டர்தான். அந்தப் பாட்டை உலகமெங்கும் யார் யாரோ தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்களாம். பாடட்டும். மாஸ்டரின் கிளாரினெட்டில் கேட்காதவர்கள் அதைக் கேட்டதாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் அது துள்ளும். கல்வராயன் மலைத் திருவிழாவுக்கு ஏறிக்கொண்டே வாசித்தால், மூச்சு வாங்கிப் பாதிப் பாட்டு காணாமல் போகும். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சாவு ஊர்வலத்துக்கு வாசித்த இழுவைதான். டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துபோய்ப் பாட்டு இழுத்ததை, அதுவும் ஒரு பாணி என்று நினைத்து அப்படியே பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், அது பேட்டரி கோளாறு" என்றேன்.

"இன்னா கோளாறா இருந்தா இன்னா தம்பி, அழுவ வருதா இல்லியா?"

வந்தது. சுற்றுவட்டாரத்தில் அது இல்லாமல் யாரும் சுடுகாட்டுக்குப் போனதில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயத்தில்தான் என் கல்யாணம். கச்சிராயபாளையத்தில் பெண் காத்திருக்கிறாள். நடுவழியில் புளியமரத்தை வெட்டிப் போட்டு மறியல். இந்த முகூர்த்தத்தை விட்டால் புரட்டாசி தாண்டித்தான். அதுவரை மாமனார் மனம் மாறாமல் இருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

"சாவுன்னா வுடுவோம். கல்யாணத்த அப்புறமா வெச்சிக்கோங்க" என்று எங்களுக்கு முன்னால் நின்ற இன்னொரு கல்யாண வண்டியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் மறியலுக்குத் தலைவர்.

எங்களோடு வந்த மாஸ்டர் மாப்பிள்ளை வேனிலிருந்து இறங்கி, கண்ணை மூடி, அந்த இழுவையை எடுத்தார். மறியல்காரர்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

"எங்கப்பாவுக்கும் இதாம்பா வாசிச்சாரு. புடிங்கடா மரத்த."

மரம் நகர்ந்தது. கும்பிடு போட வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் திகைத்துப் போனார். உள்ளே மாலையும் கழுத்துமாக நான்.

"இன்னா மாஸ்டர், பொணம் உக்காந்துகினு இருக்குது?"

"கல்யாணம் பண்ணிக்கப் போவுது. நான் வாசிக்கத்தான செஞ்சேன், சாவுன்னு சொன்னனா?"

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீக்கிரம் கெளம்புங்க" என்று கையசைத்தார்.

மண்டபத்துக்கு நாதஸ்வரக்காரர் வந்து சேரவில்லை. அவர் வேறொரு மறியலில் சிக்கியிருந்தார். தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்குப் பதிலாக மாஸ்டரே வாசித்தார். அவசரத்தில் துள்ளலும் இழுவையும் கலந்துவிட்டன. குனிந்த தலை நிமிராமல் என் மனைவி சிரித்தாள். எனக்கோ கண் கலங்கிவிட்டது.

அந்தப் பாட்டின் அசலை வெள்ளைக்காரன் குரலில் பிற்பாடு கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறான். ஆனால் என் கல்யாணத்துக்கு வந்து வாசித்தவர் மாஸ்டர்தானே.