சிறந்த சைக்கிள்காரர் பட்டத்தைத் திருப்பி அனுப்புவது குறித்து

வில்சும்,
ஏப்ரல் 14, செவ்வாய்

மதிப்பிற்குரிய 'கரைச் செய்தி' ஆசிரியர் திருமதி டினேக்கெ பார்க்மன் அவர்களுக்கு,

நீர் வாரியத்தின் பழைய வரைபடப் பிரிவிலிருந்து ஹார்மன் வெல்ட்காம்ப் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மூன்றாம் மாடியில் உங்கள் ஜன்னலோரச் செடிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி ஹென்னியும் நலம். என் சைக்கிளும் நலம். கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் கெடுத்ததும் நீங்கள்தான்.

போன மாதம் நம் அலுவலகப் பத்திரிகையில் 'நீங்கள் ஏன் சைக்கிளில் வேலைக்கு வருகிறீர்கள்?' என்று கேட்டிருந்தீர்கள். நானும் நல்ல காற்று, இதய ஆரோக்கியம், பூமியின் எதிர்காலம் என்று மூன்று காரணம் எழுதிப் போட்டேன். நீங்கள் அதைப் படித்து உருகிப்போய், பத்தொன்பது வருடமாக மழையிலும் ஆலங்கட்டியிலும் வில்சுமிலிருந்து ஸ்வோல்லெவுக்குப் பதினொரு கிலோமீட்டர் மிதித்து வந்த மகான் என்று எனக்குச் 'சிறந்த சைக்கிள்காரர்' பட்டமும், சைக்கிளில் மாட்டப் பெயர் பொறித்த வெள்ளி மணி ஒன்றும் கொடுத்து, அட்டையில் படமும் போட்டுவிட்டீர்கள். மணியை நேற்றே அலுவலகத் தபாலில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பட்டத்தையும் இத்துடன் திருப்பித் தருகிறேன். மூன்று காரணங்களும் பொய்.

உண்மைக் காரணம் பம்ப் பிரிவில் வேலை பார்க்கிறார். பெயர் லூபர்ட். என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள், "வாங்க மச்சான், ஒரே ஆபீஸ், ஒரே ரோடு, என் கார்லயே போயிடலாம்" என்று ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு நிமிடப் பயணம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவருடைய பித்தப்பைக் கல்லின் முழு வரலாற்றையும் சொல்லி, இறங்கும்போது, "மீதி சாயங்காலம்" என்றார். மறுநாள் நான், டாக்டர் என்னைச் சைக்கிள் மிதிக்கச் சொல்லிவிட்டார் என்று ஒரு சின்னப் பொய் சொன்னேன். அவ்வளவுதான் அம்மா, அந்த ஒரு பொய்க்காக நான் பத்தொன்பது வருடம் மிதித்திருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றுகூட வந்தாரே என்று எழுதியிருந்தீர்களே, அன்று லூபர்ட் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு புயல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த நாற்பது நிமிடம் எனக்குப் பிடித்துப்போனது. ஆற்றங்கரை, இரண்டு பக்கமும் தண்ணீர், நாலு வாத்து. யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. வீட்டில் ஹென்னி கேட்பாள், அலுவலகத்தில் தொலைபேசி கேட்கும், பிறந்தநாள் விழாக்களில் வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து ஊரே கேட்கும். அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் என்னுடையது. அதைத்தான் நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். 'கரைச் செய்தி'யைக் குறுக்கெழுத்துப் புதிர் வரை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஊழியர் லூபர்ட். அட்டைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கண் கலங்க நின்றார். "மச்சான், பூமியைப் பத்தி நீங்க இவ்வளவு யோசிக்கிறீங்க, நான் ஒரு முட்டாள், பத்தொன்பது வருஷமா உங்களைத் தனியா விட்டுட்டேனே" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வாரமே காரை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கிவிட்டார். காரில் பன்னிரண்டு நிமிடம் பேசியவர் இப்போது நாற்பது நிமிடம் பேசுகிறார். நான் மிதிக்க வேண்டும், அவருக்குப் பேட்டரி மிதிக்கிறது, அதனால் அவருக்கு மூச்சு வாங்குவதே இல்லை.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. அரை மணி முன்னதாகக் கிளம்பினேன், பாலத்துக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். ஆற்றைப் படகுத் துறையில் கடந்து சுற்றுவழியாகப் போனேன், படகில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "நானும் இதையேதான் நினைச்சேன் மச்சான்!" என்றார். டயர் பஞ்சர், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். உடனே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை உருவி, வாய்க்கால் தண்ணீரில் முக்கி, இல்லாத ஓட்டையை முக்கால் மணி நேரம் தேடினார், பேசிக்கொண்டேதான். சரி, மெதுவாக மிதித்துப் பின்தங்கிவிடலாம் என்று எதிர்காற்றில் வேகத்தைக் குறைத்தேன். அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. பேட்டரிக்காரர்கள் செய்வார்களே, அதேபோல் என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார். கப்பல் வந்தால் பாலத்தைத் திறந்துவிடுகிற மார்ரிட் அம்மா தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஹார்மன், இப்பத்தான் ஓட்டப் பழகுறீங்களா? அட்டையில எல்லாம் படம் வந்துச்சே!" என்றார். ஆசிரியர் அம்மா, உங்கள் மகானை அன்று பம்ப் பிரிவு தள்ளிக்கொண்டு வந்து அலுவலக வாசலில் சேர்த்தது.

பேசுவதாவது உருப்படியாக இருக்கிறதா? இப்போது பத்து நாளாக ஒரு அன்னப்பறவை கதை ஓடுகிறது. போன ஈஸ்டருக்கு லூபர்ட்டின் மாமனார் தேவாலயத்தில் தனியாகப் பாட வேண்டியிருந்ததாம். முந்தின வாரம் மீன் பிடிக்கப் போனவர் பல்செட் குத்துகிறது என்று கழற்றிப் படகிலேயே வைத்துவிட்டாராம். அதற்குள் அன்னம் ஒன்று படகில் கூடு கட்டி, பல்செட்டுக்கு மேலேயே முட்டையிட்டு உட்கார்ந்துவிட்டதாம். பல் இல்லாமல் பாடினால் பாட்டு வராது, காற்றுதான் வரும். லூபர்ட் தலையில் வடிதட்டைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் குடையோடு, வயிற்றால் ஊர்ந்து படகை நெருங்கினாராம். "அப்படியே குடையை விரிச்சேன் பாருங்க மச்சான்..." என்றபோது இன்று காலை அலுவலகம் வந்துவிட்டது. இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து?

அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. ஆகவே அடுத்த இதழின் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் இப்படிப் போடுங்கள்: 'ஹார்மன் வெல்ட்காம்ப் பூமிக்காகச் சைக்கிள் ஓட்டவில்லை. மச்சானிடமிருந்து தப்பிக்கவே ஓட்டுகிறார்.' ஒரு எழுத்தும் குறைக்க வேண்டாம். அவர் கோபித்துக்கொள்வார், புதுக் கார் வாங்குவார், என் வாத்துகள் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

உங்கள் கணவருக்கும் அச்சகத்தாருக்கும் என் வணக்கங்கள். உங்கள் செடிகள் செழிக்கட்டும். உங்களுக்கு என்றும் பின்காற்றே வீசட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹார்மன் வெல்ட்காம்ப்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. மேலே உள்ளதில் ஒரு வரியும் போட வேண்டாம். இரண்டு பக்கம் எழுதியதை வீணாக்க மனம் வராமல்தான் அதன் அடியிலேயே எழுதுகிறேன். எதிர்காற்றில் கத்திக் கத்தி லூபர்ட்டுக்குத் தொண்டை கட்டிப்போய், பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைக்கிள் ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. புதன்கிழமை காலை பக்கத்தில் சத்தமே இல்லாமல் வந்தார். நான் ஆசைப்பட்ட அதே அமைதி, அதே தண்ணீர், அதே வாத்து. ஒரு கிலோமீட்டர் தாங்கினேன். பிறகு, "அன்னம் கொத்திடுச்சா?" என்று கேட்டேன். மணியை ஒரு தடவை அடித்தார், ஆமாம் என்று. "கையிலயா?" இரண்டு தடவை, இல்லை என்று. "அப்ப எங்க?" இதற்கு மணியில் பதில் இல்லையாம், சீட்டைத் தட்டிக் காட்டினார். அன்று அலுவலகம் வரை நானேதான் பேசினேன். ஹென்னியிடம் கேட்டுப் பார்த்தேன், ஏழு வயதிலிருந்தே அண்ணன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்கிறாள். மீதியை எழுதித் தரட்டுமா என்று லூபர்ட் சைகை காட்டினார். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன்.

தயவுசெய்து அந்த வெள்ளி மணியை நாளைக்குள் திருப்பி அனுப்புங்கள். லூபர்ட்டின் மணி நேற்று அடித்து அடித்தே உடைந்துவிட்டது. பல்செட் இன்னும் படகில்தான் இருக்கிறது.